பாண்டி சண்டே மார்க்கெட் பழைய டிவிடி கடையும் ஜான் கார்ஃபீல்ட் படங்களும்

பாண்டியில பழைய டிவிடி எங்க கிடைக்கும்னு அடிக்கடி கேக்குறாங்க, அவங்களுக்குத்தான் இத எழுதுறேன். காந்தி வீதியில ஞாயித்துக்கிழமை சண்டே மார்க்கெட் போடுவாங்க இல்லியா, அதுல ஜீன்ஸ், நைட்டி, செருப்பு, பிளாஸ்டிக் சாமான் எல்லாத்தையும் தாண்டிப் போனா நடைபாதையில ஒரு தார்ப்பாய் விரிச்சு ஒரு அண்ணன் உக்காந்திருப்பார். கடைக்குப் பேரும் கிடையாது, போர்டும் கிடையாது. அட்டைப்பெட்டியில டிவிடி, பக்கத்துல பிரெஞ்சு புத்தகம், ரெண்டு மூணு பழைய ரேடியோ, அவ்ளோதான். பாக்க குப்பை மாதிரி இருந்தாலும் அந்தப் பெட்டிய குனிஞ்சு ஒவ்வொண்ணா தள்ளிப் பாக்கணும்.

பாதிக்குப் பாதி தமிழ்ப் பட விசிடி, சிவாஜி எம்ஜிஆர் பழைய ரஜினி, அது எங்க வேணாலும் கிடைக்கும். மீதிப் பாதிதான் விஷயம், அது பிரான்ஸ்ல இருந்து வந்த டிஸ்க். பாண்டிக்காரங்களுக்குத் தெரியும், இங்க சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்க) வீடுங்க நிறைய, புள்ளைங்க எல்லாம் பாரீஸ்ல செட்டில் ஆயிருப்பாங்க, லீவுக்கு வரும்போது படம் பாக்க டிவிடி எடுத்துட்டு வந்து இங்கயே வெச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பெரியவங்க காலமாகி வீட்ட வித்துடுவாங்க, சாமான் எல்லாம் பழைய பேப்பர்காரர் கைக்குப் போகும், அங்க இருந்து இந்த அண்ணன்கிட்ட வரும். அதனால சென்னை மூர் மார்க்கெட் பக்கம் தேடினாலும் கிடைக்காத 1940கள் கருப்பு வெள்ளை ஹாலிவுட் படம் இங்க தார்ப்பாய்ல கிடக்கும்.

நான் அங்க எடுத்ததுல ரொம்ப முக்கியமானது ஜான் கார்ஃபீல்ட் நடிச்ச படங்கள். அவர் பேர நம்ம பக்கம் நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மார்லன் பிராண்டோ தெரியும், ஜேம்ஸ் டீன் தெரியும். அவங்களுக்கு முன்னாடியே அந்த மாதிரி முறைப்பும் உள்ளுக்குள்ள காயமுமா திரையில நின்ன ஆள் இவர்தான். நியூயார்க்ல ஏழை யூதக் குடும்பத்துல 1913ல பொறந்தார், சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க, தெருவுல சண்டை போட்டு வளர்ந்த பையன், நாடகம்தான் அவர கரையேத்துச்சு. குரூப் தியேட்டர்னு நியூயார்க்ல அப்போ பெரிய நாடகக் குழு, அதுல இருந்து வார்னர் பிரதர்ஸ் கூட்டிட்டுப் போய் 1938ல நடிச்ச முதல் பெரிய படத்துலயே ஆஸ்கர் நாமினேஷன். இன்னொரு நாமினேஷன் 'பாடி அண்ட் சோல்', 1947, குத்துச்சண்டைப் படம்.

இந்த 'பாடி அண்ட் சோல்' டிஸ்க்தான் நான் முதல்ல எடுத்தது. கவர்ல இங்கிலீஷ் பேர் சின்னதா இருக்கும், பெரிசா 'சாங் ஏ ஓர்'னு பிரெஞ்சுல போட்டிருக்கும், அதனால தேடுறவங்க கார்ஃபீல்ட் மூஞ்சியப் பாத்துத் தேடுங்க. பிரிண்ட் அருமையா இருந்துச்சு. கடைசி சண்டை சீன்ல கேமராமேன் ஜேம்ஸ் வாங் ஹோ ரோலர் ஸ்கேட் மாட்டிக்கிட்டு கையில கேமராவோட ரிங்குக்குள்ள சுத்திச் சுத்தி எடுத்திருக்கார், இப்ப பாத்தாலும் நமக்கு மூச்சு வாங்குது. கார்ஃபீல்ட் அடிவாங்குற மூஞ்சி, கண்ணு வீங்கி, தோக்குறேன்னு காசுக்கு வித்துட்ட சண்டையில இருந்து எப்படி வெளிய வர்றதுன்னு யோசிக்கிற அந்தப் பார்வை, வசனமே வேணாம்.

ஆனா படத்துல வேலை செஞ்சவங்க பேர் லிஸ்ட்டப் பாத்தப்பதான் எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. ஏன்னா அந்தப் பேர் லிஸ்ட்டே கிட்டத்தட்ட பிளாக்லிஸ்ட் மாதிரிதான், அதாவது கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டு சினிமாவுல வேலை குடுக்காம ஒதுக்கினவங்க பட்டியல். ஹீரோ கார்ஃபீல்ட். கதை எழுதின ஏப்ரஹாம் பொலான்ஸ்கி. டைரக்டர் ராபர்ட் ராசன். அம்மாவா நடிச்ச ஆன் ரெவியர், அவங்க அப்பத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி வந்த படத்துக்கு ஆஸ்கர் வாங்கினவங்க. கருப்பின குத்துச்சண்டை வீரரா வர்ற கனடா லீ, அவர் நிஜத்துலயே பாக்ஸரா இருந்தவர். வில்லனா வர்ற லாயிட் காஃப். இத்தன பேருக்கும் அடுத்த நாலஞ்சு வருஷத்துக்குள்ள சினிமா வேலை நின்னு போச்சு. ராசன் மட்டும் 1953ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் கமிட்டி முன்னாடி போய் கூட இருந்தவங்க பேரையெல்லாம் சொல்லிட்டு வேலைக்குத் திரும்பினார். பொலான்ஸ்கி 1948ல கார்ஃபீல்ட வெச்சு 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' டைரக்ட் பண்ணினவர், அவர் பேர்ல அடுத்த படம் டைரக்ட் பண்ணது 1969லதான். நடுவுல 21 வருஷம் போச்சு.

என்ன நடந்துச்சுன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு ரஷ்யாவோட பகை ஆரம்பிச்ச நேரம், அமெரிக்க நாடாளுமன்றத்துல ஒரு விசாரணைக் கமிட்டி சினிமாக்காரங்கள கூப்பிட்டு நீ கம்யூனிஸ்டா, உன் கூட யார் யார் இருந்தாங்கன்னு கேக்க ஆரம்பிச்சுது. 1947ல பத்து பேர் பதில் சொல்ல முடியாதுன்னு நின்னாங்க, அவங்கதான் ஹாலிவுட் டென், பின்னாடி ஜெயிலுக்கும் போனாங்க. அதே வருஷக் கடைசியில பெரிய ஸ்டுடியோ முதலாளிங்க எல்லாம் நியூயார்க் ஹோட்டல் ஒண்ணுல கூடி, இந்தப் பத்து பேருக்கு வேலை இல்ல, கம்யூனிஸ்ட்னு தெரிஞ்சா யாருக்கும் வேலை குடுக்க மாட்டோம்னு அறிக்கை விட்டாங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாது, வேலை குடுக்காதேன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல. முதலாளிங்களே பயந்து பண்ணின காரியம் இது. 1950ல 'ரெட் சானல்ஸ்'னு ஒரு குட்டிப் புத்தகம் வந்துச்சு, ரேடியோ டிவி நாடகம் சினிமா ஆளுங்க 151 பேர் பேர் அதுல, எந்தக் கூட்டத்துக்குப் போனாங்க எதுல கையெழுத்துப் போட்டாங்கன்னு. கார்ஃபீல்ட் பேரும் அதுல இருந்துச்சு.

இந்த மனுஷன் என்ன தேசத்துரோகம் பண்ணார்னு பாத்தா, இதயக் கோளாறு இருந்ததால போருக்குப் போக முடியலன்னு வருத்தப்பட்டு, 1942ல நடிகை பெட்டி டேவிஸோட சேர்ந்து ஹாலிவுட் கேன்டீன் ஆரம்பிச்சார், போருக்குப் போற சிப்பாய்ங்களுக்கு இலவச சாப்பாடு, பாட்டு, டான்ஸ், ஸ்டாருங்களே வந்து தட்டு எடுத்துக் குடுப்பாங்க. அப்படி ஒரு ஆளத்தான் 1951 ஏப்ரல்ல கமிட்டி கூப்பிட்டு விசாரிச்சுது. நான் கம்யூனிஸ்ட் இல்ல, கட்சிக்காரங்க யாரையும் எனக்குத் தெரியாதுன்னார். அவர் மனைவி முன்னாடி கட்சியில இருந்தவங்க, நண்பர்கள்ல எத்தனையோ பேர் இருந்தவங்க, ஒரு பேர் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம். சொல்லல. அதுக்கப்புறம் பொய் சாட்சி சொன்னாரான்னு எஃப்பிஐ பின்னாடியே சுத்துச்சு, புதுப் பட வாய்ப்பு எதுவும் வரல.

அதுக்கு முன்னாடியே எடுத்து முடிச்ச கடைசிப் படம் 'ஹி ரேன் ஆல் தி வே', 1951ல வந்துச்சு. அதுவும் அந்த அண்ணன்கிட்ட கிடைச்சுது, பிரெஞ்சு கவர்ல 'மெனாஸ் தான் லா நுயி'னு இருக்கும். போலீஸ்காரர சுட்டுட்டு ஓடுற திருடன் ஒருத்தன் ஒரு சாதாரணக் குடும்பத்து வீட்டுக்குள்ள புகுந்து ஒளிஞ்சுக்கிற கதை, படம் பூரா வியர்வையும் பயமும்தான், யாரையும் நம்ப முடியாம ஜன்னல் ஜன்னலா எட்டிப் பாக்குறார். அவர் நடிச்சதா இல்ல அப்போ அவர் வாழ்க்கையே அப்படித்தான் இருந்துச்சான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கவே முடியல. அதை எழுதினவர் டால்டன் ட்ரம்போ, ஹாலிவுட் டென்ல ஒருத்தர், அவர் பேரப் போட முடியாம வேற ஆள் பேர்ல வந்துச்சு. டைரக்டர் ஜான் பெர்ரியும் பிளாக்லிஸ்ட் ஆகி பிரான்ஸுக்குப் போயிட்டார். அந்தப் படத்தோட பிரெஞ்சு டிஸ்க் பாண்டி நடைபாதையில கிடக்குறத நினைச்சா மனசு எங்கெங்கயோ போகுது.

1952ல நியூயார்க் நாடக மேடைக்குத் திரும்பி நடிச்சார். பத்திரிகைக்குன்னு ஒரு கட்டுரையும் தயார் பண்ணிட்டிருந்தார், நான் இடதுசாரிங்ககிட்ட ஏமாந்துட்டேன்னு சொல்ற மாதிரி. அதப் பத்திப் படிக்கும்போது எனக்கு அவர் மேல கோவம் வரல, அந்த நெலமைக்குத் தள்ளினவங்க மேலதான் வந்துச்சு. ஏன்னா அதுலயும் அவர் நண்பர்களக் காட்டிக் குடுக்கல. 1952 மே 21, மாரடைப்பு, வயசு 39. அதே மாசம் சில நாள் முன்னாடி கனடா லீயும் போயிட்டார். கார்ஃபீல்ட் இறுதிச் சடங்குக்கு நியூயார்க் தெருவே ஜனம் ரொம்பி வழிஞ்சுது. ஜனங்க அவர ஒதுக்கவே இல்லங்க, படம் எடுக்குறவங்கதான் ஒதுக்கினாங்க.

இத நான் கடைக்கார அண்ணன்கிட்ட சொன்னப்ப அவர் உடனே கேட்டார், "நம்ம வடிவேலு மாதிரியா தம்பி?" நியாயமான கேள்விதான். 2011 தேர்தல்ல வடிவேலு திமுகவுக்காக ஊர் ஊரா போய் விஜயகாந்த திட்டிப் பிரச்சாரம் பண்ணினார், கூட்டம் அலை மோதுச்சு, ரிசல்ட் வந்தப்ப அதிமுக ஆட்சி, தேமுதிக 29 சீட்டோட எதிர்க்கட்சி. வருஷத்துக்கு அத்தன படம் நடிச்ச மனுஷன் திரையில இருந்தே காணாமப் போயிட்டார், 2014ல ஹீரோவா தெனாலிராமன் வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட வெறும் இடைவெளிதான். தடைன்னு யாரும் அறிவிச்சதில்ல, ஒரு பேப்பர் கிடையாது. (பின்னாடி வந்த ரெட் கார்டு, அதாவது தயாரிப்பாளர் சங்கம் போட்ட தடை, அந்தப் பிரச்சினை வேற, அது தயாரிப்பாளரோட பட விவகாரம், ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.) அந்த வருஷங்கள்ல டிவியத் தொறந்தா அவர் காமெடி, ஃபேஸ்புக்கத் தொறந்தா அவர் மூஞ்சி, ஆனா புதுசா ஒரு சீன் கிடையாது. ஒரு காமெடியனோட நல்ல வயசு அது, யார் திருப்பிக் குடுப்பா? 2023ல மாமன்னன்ல அவர் நம்மள அழ வெச்சப்ப எனக்கு சந்தோஷமும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. வடிவேலுவுக்குத் திரும்பி வர காலம் இருந்துச்சு, கார்ஃபீல்டுக்கு இல்ல. எந்தக் கட்சி சரி எந்தக் கட்சி தப்புன்னு இங்க நான் பேச வரல. ஒரு நடிகன் மைக் பிடிச்சுப் பேசினத ஜனங்க ஓட்டுல காட்டிக்கலாம், படம் பாக்காம காட்டிக்கலாம், அவன் சோத்துல கை வைக்கிறது அநியாயம்னு அழுத்தமா நம்புறேன்.

சரி, வாங்கப் போறவங்களுக்கு உபயோகமான விஷயம். விலை ஒரு டிஸ்க் ஐம்பதுல இருந்து நூத்தம்பது வரைக்கும் சொல்றார், மூணு நாலு சேர்த்து எடுத்தா குறைச்சுக் குடுப்பார், ரொம்பப் பேரம் பேசாதீங்க, வெயில்ல உக்காந்திருக்கார். அங்கயே டிஸ்க்க வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வட்டமா ஓடுற கீறல் இருந்தா வேணாம், குறுக்க இருக்குற சின்னக் கோடு பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது. எனக்கு 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' டிஸ்க் பாதியில நின்னு நின்னு ஓடுச்சு, அடுத்த ஞாயிறு எடுத்துட்டுப் போனேன், ஒரு வார்த்தை கேக்காம வேற காப்பி குடுத்தார். ரசீதே இல்லாத கடையில இந்த நாணயம் இருக்கே, அதுக்கே போகலாம்.

முக்கியமான சிக்கல் ரீஜன் கோட், அதாவது எந்தெந்த நாட்டு பிளேயர்ல ஓடணும்னு டிஸ்க்ல போட்டிருக்குற பூட்டு. பிரான்ஸ் டிஸ்க் எல்லாம் ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5, அதனால வீட்டு பிளேயர் மல்டி ரீஜனா இருந்தாத்தான் ஓடும். பால் (PAL)னு சொல்ற டிவி சிஸ்டம் நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான், அதுல தொல்லை இல்ல. கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன் மாத்துனா அஞ்சு தடவைதான் மாத்தலாம், அப்புறம் கடைசியா வெச்சதுலயே லாக் ஆயிடும், ஜாக்கிரதை. விஎல்சி பிளேயர் சாஃப்ட்வேர்ல நிறைய டிரைவ்ல மாத்தாமலே ஓடிடுது, முதல்ல அத முயற்சி பண்ணுங்க. ஆடியோ இங்கிலீஷ்தான், ஆனா சப்டைட்டில் பிரெஞ்சு மட்டும், ஒரு டிஸ்க்ல அத அணைக்கவே முடியல. 1940கள் நியூயார்க் இங்கிலீஷ் வேகமா இருக்கும், சப்டைட்டில் இல்லாம பழகாதவங்களுக்குக் கஷ்டம். எங்க பெரியப்பா பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல படிச்சவர், அவர் பக்கத்துல உக்காந்து பிரெஞ்சுல படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்லத்தான் நான் 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' முழுசாப் புரிஞ்சு பாத்தேன், பாண்டியில அந்த வசதி நிறைய வீட்டுல உண்டு.

கடலூர்ல இருந்து வர்றவங்க பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஷேர் ஆட்டோவுல வந்துடலாம், கார் எடுத்துட்டு வராதீங்க, ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில நிறுத்த இடமே இருக்காது. காலையில பத்து பதினோரு மணிக்குள்ள வந்தா நல்லது, மத்தியானத்துக்கு மேல கூட்டத்துல குனியவே முடியாது, மழை வந்தா அவர் வர மாட்டார்.

போன வாரம் பாத்தப்ப கார்ஃபீல்ட், லானா டர்னர் நடிச்ச 1946 படம் 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' ஒண்ணு இருந்துச்சு, கவர் கிழிஞ்சிருக்கு, டிஸ்க் சுத்தமா இருக்கு, என்கிட்ட இருக்குறதால விட்டுட்டு வந்தேன். லீ கிராண்ட் நடிச்ச படம் ஏதாவது வந்தா எடுத்து வைங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவங்களும் பிளாக்லிஸ்ட்ல பன்னெண்டு வருஷம் போனவங்க, திரும்பி வந்து 1976ல ஆஸ்கர் வாங்கினாங்க. உங்க கண்ணுல முன்னாடி பட்டா நீங்களே எடுத்துக்கங்க, பாத்து முடிச்சதும் எனக்குக் குடுங்க, நான் கார்ஃபீல்ட் டிஸ்க் எல்லாத்தையும் தர்றேன்.