ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ: க்யூபிசிஆரா, சீக்வென்சிங்கா?

எம்ஐஆர்-21 என்ற மைக்ரோ ஆர்என்ஏ வெறும் 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ளது. புரதம் எதையும் உருவாக்காது; ஆனால் பிடென், பிடிசிடி4 போன்ற கட்டி ஒடுக்கும் மரபணுக்களின் வாயை அடைத்துவிடும். பல புற்றுநோய்களில் அதன் அளவு எகிறுகிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அதை அளக்க இரண்டு வழிகள்: தேடும் ஆர்என்ஏவை டிஎன்ஏ நகலாக்கிப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆர், இருக்கும் வரிசைகளை எழுத்தெழுத்தாகப் படித்து எண்ணும் சீக்வென்சிங்.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் ஸ்டெம்-லூப் க்யூபிசிஆரே போதும். கொண்டை ஊசி வடிவப் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்என்ஏவின் 3' முனையில் கடைசி ஆறு எழுத்துகளைப் பற்றிக்கொள்ளும். ஒரே நாளில் விடை. முனையில் ஓர் எழுத்து கூடிக் குறைந்த வடிவங்களைக் கோட்டைவிடலாம்.

சீக்வென்சிங் அவற்றையும் காட்டும், புதியவற்றையும் காட்டும். சிக்கல், படிப்பதற்காக ஆர்என்ஏவின் முனைகளில் அடாப்டர் என்ற சிறு துண்டுகளை ஒட்டும் லிகேஸ் நொதியில்: சில முனைகளை விரும்பும், சிலவற்றை ஒதுக்கும், எண்ணிக்கை கோணலாகும். அடாப்டர் முனையில் நான்கு எழுத்துகளை ஏதேச்சையாகக் கலந்து வைத்தால் இது வெகுவாகக் குறையும். பிளாஸ்மாவில் ஆர்என்ஏ மிகக் குறைவு என்பதால் அடாப்டர்கள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பெருக்கிய டிஎன்ஏவை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்தால், பல கிட்களில் வேண்டிய பட்டை 145 எழுத்து நீளத்துக்கு அருகில், வேண்டாத அடாப்டர் ஜோடி 120 அருகில். ஜெல்லை வெட்டும் பிளேடு சற்றுக் கீழே இறங்கினாலும் ரீடுகள் (படித்த வரிசைகள்) வீண்.

எந்த வழியானாலும் ரத்தக் குழாயைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இடும் ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும். இடிடிஏ என்ற வேறு உறைவுத்தடுப்பான் உள்ள குழாயே சரி. சிவப்பணு உடைந்தால் எம்ஐஆர்-451ஏ, எம்ஐஆர்-16 இரண்டும் கொட்டும். எனவே எம்ஐஆர்-16ஐ மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாக வைக்கவே கூடாது. சிவப்பணு உடைந்தாலும் பெரிதாக மாறாத எம்ஐஆர்-23ஏவின் சிடி மதிப்பிலிருந்து (க்யூபிசிஆரில் சமிக்ஞை தென்படும் சுழற்சி எண்; அளவு கூடினால் இது குறையும்) 451ஏவின் மதிப்பைக் கழித்து வருவது 7ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.