வடசென்னைக்கு ஏற்றது எது: நிலக்கரியா, எரிவாயுவா, காற்றா?

இந்தியாவின் எரிசக்தி வளம் ஓரிடத்தில் திரண்டு கிடக்கவில்லை. நிலக்கரி ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களிலும், கச்சா எண்ணெய் அசாம், ராஜஸ்தான், மும்பைக் கடற்பரப்பிலும், பழுப்பு நிலக்கரி நெய்வேலியிலும், பலமான காற்று ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளிலும் கிடைக்கின்றன. வடசென்னை மண்ணில் இவற்றுள் எதுவும் இல்லை. இருந்தும் வல்லூரில் 1,500 மெகாவாட், அத்திப்பட்டில் முதல் இரண்டு நிலைகளில் மட்டும் 1,830 மெகாவாட் என நிலக்கரி மின் நிலையங்கள் இங்கேதான் நிற்கின்றன. ஆகவே எரிபொருள் எங்கே கிடைக்கிறது என்பதோடு, எரித்த மிச்சம் எங்கே தங்குகிறது என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கக் கரி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது. 2001-இல் இயங்கத் தொடங்கிய அத்துறைமுகம் முதலில் கரி இறக்குவதற்கென்றே கட்டப்பட்டது. உள்நாட்டுச் சரக்கு என்பதும், இரவு பகல் பாராமல் எரிக்கலாம் என்பதும் கரியின் பெரும்பலம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி எரிந்து, கால் கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. ஓரிரவு ஏசி 8 யூனிட் இழுத்தால், 2 கிலோ சாம்பல் இங்கே சேர்ந்துவிடும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடங்களில் கொசஸ்தலையாற்றுச் சேறு சிமெண்ட் போல இறுகிக் கிடக்கிறது. மார்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்களுக்கு, ஆறு தூர்ந்துபோவது பிழைப்பே தூர்ந்துபோவதாகும்.

எரிவாயுவில் சாம்பல் இல்லை. யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயுவும் ஏறக்குறைய பாதிதான். காமராஜர் துறைமுகத்திலேயே, ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ள திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் 2019-இல் தொடங்கப்பட்டது. அங்கே வருவதோ வெளிநாட்டு எரிவாயு. உலகச் சந்தையில் விலை ஏறினால், மின் உற்பத்தியில் கரியோடு அது போட்டி போட முடியாது. மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் உர ஆலைக்கும் அது பொருத்தமானது. முழுநேர மின்சாரத்துக்கு அதை நம்ப முடியாது.

கல்பாக்கமும் கூடங்குளமும் தரும் அணுமின்சாரம் சீரானது. ஆனால் புதிய உலைகள் எழப் பல்லாண்டு ஆகும்.

காற்றும் சூரிய ஒளியும் நம் மாநிலத்திலேயே கிடைப்பவை, சாம்பல் இல்லாதவை. கமுதியில் மட்டும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் உள்ளது. காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் பருவம். புழுக்கம் மிகுந்த இரவில், சூரிய மின்சாரம் நின்ற பிறகும் சென்னையின் தேவை குறைவதில்லை. இக்குறையைச் சேமிப்பால்தான் ஈடுகட்ட முடியும். மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கும் நீரேற்று முறை அதற்கான ஒரு வழி; நீலகிரியில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் குந்தா திட்டம் அவ்வகை. பேட்டரி இன்னொரு வழி.

எண்ணூரின் பழைய 450 மெகாவாட் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அங்கே மீண்டும் 660 மெகாவாட் நிலக்கரி அலகு கட்டுவதைவிட, தெற்கிலிருந்து வரும் மின்சாரத்தைத் தேக்கும் பேட்டரி நிலையம் அமைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. இப்போது ஓடும் அலகுகளை உடனே நிறுத்த இயலாது. அவை நிற்கும்வரை சாம்பலை நீரில் கரைக்காமல் உலர்ந்த நிலையிலேயே சிமெண்ட், செங்கல் ஆலைகளுக்கு முழுவதுமாக அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும்.