எங்கள் லொறிகளுக்கு ஐதரசனா, பற்றரியா?

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணைப் பக்கம் சீமெந்தும் கோதுமை மாவும் ஏற்றும் எட்டு லொறிகள் எங்களுடையவை. அப்பா தொடங்கிய தொழில். 2022 இல் எங்கள் சாரதிகள் டீசலுக்காக எரிபொருள் செட் வாசலில் இரவு பகலாகப் படுத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்த பிறகு, டீசலை மட்டும் நம்பி இனி வண்டி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். 2025 இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று பற்றரி லொறி. மற்றது, கொழும்பு முகவர் ஒருவர் கொண்டுவந்த திட்டம்: இரண்டு ஐதரசன் லொறிகளும், கொள்கலனுக்குள் அடங்கும் ஒரு சிறு நிரப்பு நிலையமும்.

பற்றரியைத்தான் எடுத்தேன். உப்புவெளி யார்டிலிருந்து இரண்டு லொறிகள் பத்து மாதமாக ஓடுகின்றன. இதே கேள்வியோடு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்து போவதால் எழுதி வைக்கிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் புகை இல்லை. இரண்டும் டீசல் வண்டியைவிட விலை. மின்சாரச் செலவில் பற்றரி எங்கேயோ முன்னால் நிற்கிறது: நீரைப் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்க 50 முதல் 55 யூனிட் போகும். அதை எரிபொருட்கலத்தில், அதாவது ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்க லொறிக்குள் இருக்கும் கருவியில், திரும்ப மின்சாரமாக்கினால் பதினாறு, பதினேழு யூனிட் வரும். அதே 55 யூனிட்டை பற்றரியில் ஏற்றினால் நாற்பதுக்கு மேல் சக்கரத்துக்குப் போகும்.

தூரத்திலும் நேரத்திலும் ஐதரசனுக்குத்தான் வெற்றி. சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஓடும் ஹூண்டாய் எக்ஸியன்ட் லொறி 350 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 350 மடங்கு) அழுத்தத்தில் சுமார் 31 கிலோ நிரப்பிக்கொண்டு 400 கி.மீ. ஓடும். நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. 2023 செப்டம்பரில் மெர்சிடிஸ் பென்ஸின் சோதனை லொறி திரவ ஐதரசனில் ஒரே நிரப்பலில் 1,047 கி.மீ. போனது. எனக்குக் கிடைத்த பற்றரி லொறி இதற்குக் கிட்டவும் வராது. வண்டியை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஐதரசன் பக்கம் சாய்ந்திருப்பேன்.

என் மனதை மாற்றியது நிரப்பு நிலையம்தான். தம்பி ஜெர்மனியில் ஐதரசன் பஸ்கள் ஓடும் ஒரு டிப்போவில் வேலை செய்கிறான். முகவர் தந்த தாள்களை அவனுக்கு அனுப்பினேன். அன்றிரவே போன் எடுத்தான். "அண்ணா, லொறியைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கொம்பிரஸர் பழுதானால் யார் வருவார்கள் என்று எங்கேயும் இல்லையே" என்றான். ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினோம்.

350 பாரில் நிரப்ப வேண்டுமானால், நிலையத்தின் சேமிப்புத் தாங்கியில் அதைவிட அதிக அழுத்தம் இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது கொம்பிரஸர். பல நிலையங்களில் அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எண்ணெய் தள்ள, மறு பக்கம் வாயு அமுங்கும். ஒரு தகடு வெடித்தால் உணரி கண்டுபிடித்து முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும். நிறுத்தத்தான் வேண்டும். எரிபொருட்கலத்துக்கு 99.97 வீதம் தூய ஐதரசன் வேண்டும். எண்ணெய் கலந்தால் அதன் ஆயுள் போய்விடும். திறப்பதற்கு முன் நைதரசன் விட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும், மூடிய பிறகு கசிவு பார்க்க வேண்டும். சந்திக் கராஜில் நடக்கிற வேலை இல்லை. தம்பியின் டிப்போவில் இப்படி நின்றபோது ஆள் வந்து சரிசெய்ய நான்கு நாள் ஆனது. அதுவும் ஜெர்மனிக்குள்ளிருந்தே வந்த ஆள். அந்த நான்கு நாளும் பழைய டீசல் பஸ்களை வெளியே எடுத்துச் சமாளித்தார்களாம்.

சிறிய நிலையத்துக்கு இன்னொரு தொல்லை, விட்டு விட்டு ஓடுவது. இரண்டு லொறிக்கு ஒரு நாளில் ஒரு முறை ஓடி நிற்கும். இப்படி அடிக்கடி தொடங்கி நிறுத்துவதுதான் அந்தத் தகடுகளையும் சீல்களையும் கெடுக்கிறது என்கிறான் தம்பி. பெரிய டிப்போ இரண்டு கொம்பிரஸர் வைத்துக்கொள்ளும். இரண்டு லொறிக்காக நான் இரண்டு கொம்பிரஸர் வாங்க முடியுமா?

நம்மூர் வெக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற வாயுக்கள் பெரும்பாலும் விரியும்போது குளிரும். ஐதரசன் நம்முடைய வெப்பநிலையில் விரிந்தால் சூடாகும், லொறித் தாங்கிக்குள் அமுங்கும்போது இன்னும் சூடாகும். தாங்கி 85 பாகையைத் தாண்டக்கூடாது. அதனால் 700 பார் நிலையங்களில் வாயுவை மைனஸ் 40 பாகை வரை குளிரவைத்து நிரப்புகிறார்கள். 350 பாரில் அவ்வளவு தேவையில்லை, ஆனால் குளிரவைக்காவிட்டால் மெதுவாக நிரப்ப வேண்டும். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது எங்கள் யார்டில் தகரத்தைத் தொட முடியாது. அந்த வெக்கையில் குளிரூட்டி ஓய்வில்லாமல் ஓடும், அதன் மேல் கடலின் உப்புக் காற்றும் படியும். வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியே இங்கே சில வருடங்களில் துருப்பிடித்துப் போகிறதைப் பார்க்கிறோமே.

இதோடு பற்றரிப் பக்கத்தை ஒப்பிடுங்கள். எங்களிடம் 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு. லொறியில் 280 யூனிட் பற்றரி. ஹபரணை போய்வர 170 கி.மீ.; போகும்போது பாரம், வரும்போது வெறுமை, 190 யூனிட் அளவில் முடிகிறது. இரவில் சொருகினால் விடியுமுன் நிறைந்துவிடும். கார்த்திகை மழையில் ஒரு சார்ஜர் செத்தது. மற்றதில் ஒரு லொறியை முன்னிரவிலும் மற்றதைப் பின்னிரவிலும் ஏற்றினோம். விசிறியை நம்மூர் எலக்ட்ரீஷியன் மாற்றினார். உள்ளே எரிந்த பகுதி வர ஒன்பது நாள் ஆனது. ஒரு ஓட்டமும் தவறவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பற்றரியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அதன் எடையால் ஏற்றும் பாரம் குறைகிறது. சீமெந்தில் அது நேராகக் காசு. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அப்படி ஒரு நாள் இரவு வந்தால் நாங்களும் நிற்போம். அப்புறம், என் அனுபவம் பத்து மாதம்தான். ஆறாம், ஏழாம் வருடத்தில் பற்றரி எப்படி இருக்கும் என்பதற்கு என் சொல்லை வைத்துக் காசு போடாதீர்கள்.

கொழும்பு ஓட்டம் போக 260 கி.மீ., வரவும் அவ்வளவு. அதற்கு இன்னும் பழைய டீசல் லொறிகள்தான். ஐதரசனுக்கு உண்மையான இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரே யார்டில் ஐம்பது லொறி, இரண்டு கொம்பிரஸர், சம்பளத்துக்கு ஒரு தொழில்நுட்பவியலாளர், இத்தனையும் இருந்தால் கணக்கே வேறு. சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்டும் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைக் காட்டி, "நாளைக்கு அங்கேயே ஐதரசன் வரும்" என்றார் முகவர். வரலாம். ஆனால் 2025 பெப்ரவரியில் அமெரிக்காவின் நிக்கோலா நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதனிடம் ஐதரசன் லொறி வாங்கியவர்களின் நிலையை நினைத்தால், முதல் வரிசையில் நிற்க எனக்குத் துணிவில்லை.

2025 மார்ச்சில் டாட்டா இந்தியச் சாலைகளில் பதினாறு ஐதரசன் லொறிகளை இரண்டு வருடச் சோதனைக்கு விட்டது. நம்முடையதைப் போன்ற வெயில், நம்முடையதைப் போன்ற பாரம். அங்கே நிரப்பு நிலையங்கள் வருடத்தில் எத்தனை நாள் நின்றன என்ற எண் வெளிவந்தால், கொழும்பு ஓட்டத்துக்காக அந்த முகவரை நானே திரும்பக் கூப்பிடுவேன். அதுவரை, அடுத்த மாதம் மூன்றாவது பற்றரி லொறிக்கு முற்பணம் கட்டப்போகிறேன், கூடவே உதிரியாக ஒரு சார்ஜர் விசிறிக்கும்.