என்ஆர்எஃப்24எல்01+ நீண்ட நாள் பயன்பாட்டில்: சிப் தங்கம், பலகை கஞ்சம்

"ரெஜிஸ்டர் எல்லாம் சரியா காட்டுது, ஆனா ஒரு பாக்கெட்கூடப் போய்ச் சேரலை." 2.4 கிகாஹெர்ட்ஸில் தரவு அனுப்பிப் பெறும் இந்தச் சின்ன ரேடியோ மாட்யூலை வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது. (ரெஜிஸ்டர் என்பது சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் உள் நினைவிடம்.) பதிலுக்கு ஒரு கேள்விதான்: மின்சாரம் வாங்கும் விசிசி பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே கப்பாசிட்டர் வைத்தாயா?

சிப் சும்மா காத்திருக்கும்போது (ஸ்டாண்ட்பை-1) இழுப்பது 26 மைக்ரோஆம்பியர். அனுப்பச் சொல்லும் சிஇ பின்னை உயர்த்தினால் 130 மைக்ரோவிநாடியில் அலைவெண் நிலைபெற்று அனுப்பத் தொடங்கும். முழுத் திறனில் மின்னோட்டம் 11.3 மில்லிஆம்பியர். நீளமான ஜம்பர் வயரும் தளர்ந்த பிரெட்போர்டும் இந்தத் திடீர்த் தாவலுக்கு ஈடுகொடுப்பதில்லை. மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், அனுப்புதல் கெடும். ரெஜிஸ்டர் படிக்க அவ்வளவு மின்னோட்டம் தேவையில்லாததால் எஸ்பிஐ (கட்டுப்படுத்தும் பலகையோடு சிப் பேசும் வழி) மட்டும் ஒழுங்காகப் பேசும். ஆள் ஏமாறுவது இங்கேதான்: வயரிங் சரி, நிரல் சரி, மாட்யூல்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்.

10 முதல் 47 மைக்ரோஃபாரட் வரை ஏதாவது ஒரு எலெக்ட்ரோலிட்டிக்கை மாட்யூலின் பின்களிலேயே நேரடியாக சாலிடர் செய்யுங்கள், முனை மாறாமல். பிரெட்போர்டின் மறுகோடியில் செருகினால் பயன் குறைவு. இடையிலுள்ள வயர்தானே பிரச்சினை. இந்த ஒற்றைப் பாகத்தைப் பலகையிலேயே வைத்து விற்றிருந்தால் எத்தனை இரவுகள் மிச்சம்!

ரெகுலேட்டரோடு (மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிறுத்தும் பாகம்) வரும் அடாப்டர் பலகை இன்னொரு வழி. அதற்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும். அதிலுள்ள 1117 ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், 3.3 கொடுத்தால் வெளியே வருவது ஏறக்குறைய 2.2தான். வேலை செய்வது போலவே இருந்து கழுத்தறுக்கும். தவிர, அது சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும், நாளொன்றுக்கு 120 மில்லிஆம்பியர்-மணி. 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 17 நாள்கூடத் தாங்காது.

பேட்டரி என்றதும் கோபம் கொஞ்சம் தணிகிறது. சிப் 1.9 முதல் 3.6 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் இரண்டு ஏஏ செல்லை நேராகக் கொடுக்கலாம்: ரெகுலேட்டர் இல்லை, இரைச்சல் இல்லை. பவர்-டவுனில், அதாவது தூங்கும்போது, இழுப்பது 900 நானோஆம்பியர். மேசையில் படாத பாடு படுத்திய அதே மாட்யூல் செல்லில் ஓடும்போது பரம சாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெப்பநிலையைச் சொல்லிவிட்டுத் தூங்கும் சென்சாருக்கு இது அருமை.

சிப்பை நிரலிலிருந்து இயக்கும் ஆர்எஃப்24 லைப்ரரியில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். வேகத்தை 250 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்குங்கள், தூரம் கூடும். அந்த வேகத்தில் மறுமுயற்சி இடைவெளி 500 மைக்ரோவிநாடியாவது வேண்டும். குறைத்தால் ஒப்புகை (பெறுநர் தரும் 'கிடைத்தது' என்ற பதில்) வந்து சேரும் முன்பே அடுத்த முயற்சி கிளம்பிவிடும். லைப்ரரியின் இயல்பு மதிப்பு 5 என்பது 1500 மைக்ரோவிநாடி, அது போதும். பல முனைகள் ஒரே பெறுநருக்கு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடைவெளி கொடுங்கள். இல்லையென்றால் ஒருமுறை மோதிய இரண்டும் 15 முறையும் மோதும். சேனல் 76 என்றால் 2.476 கிகாஹெர்ட்ஸ், பக்கத்து வைஃபை 13ஆம் சேனலில் இருந்தால் அது இடிக்கும்.

ஆண்டெனா திருகும் பெரிய வகையில் அனுப்பும்போது மின்னோட்டம் 100 மில்லிஆம்பியரைத் தாண்டும். ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவது 50தான். ஆண்டெனா இல்லாமல் இயக்காதீர்கள். அனுப்பும் மாட்யூல், பெறும் மாட்யூல் இரண்டையும் ஒரே மேசையில் முழுத் திறனில் சோதிக்கவும் வேண்டாம், பெறுநர் செவிடாகிவிடும். திறனைக் குறைத்து, ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

போலிச் சிப்புகள் தனித் தொல்லை. ஒப்புகை வேண்டுமா என்று சொல்லும் பிட்டைத் தலைகீழாகப் படிக்கும் வகைகளும் உண்டு. தங்களுக்குள் நன்றாகப் பேசும், அசலோடு சேர்ந்தால் முரண்டு பிடிக்கும். அதனால் ஒரே தொகுப்பில் வாங்கி, ஒன்றிரண்டு உபரியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சிப்பின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சாலிடரிங் அயர்னைச் சூடாக்காமல் ஒழுங்காக ஓடாத மாட்யூலைப் புதியவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கப்பாசிட்டர், முதலில் கப்பாசிட்டர்.