ஐகியா ஃபோர்னுஃப்டிக்: குவைத் புழுதிக்கு இந்தச் சின்னப் பெட்டி தாங்குமா?

அறை 10 சதுர மீட்டரைத் தாண்டினால் இந்த ஏர் பியூரிஃபையரை (காற்றிலிருந்து தூசியை வடிகட்டும் பெட்டியை) வாங்காதீர்கள். மீதியைப் படிக்கவும் வேண்டாம். சின்னப் படுக்கையறை, கதவு சாத்தியே இருக்கும், ராத்திரி இரண்டு பேர் தூங்குவார்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள். அந்த அறைக்கு இது கொடுக்கிற காசுக்குக் குறை வைக்காத சாமான்.

10 என்பது எங்கிருந்து வருகிறது? ஏர் பியூரிஃபையர் மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தள்ளுகிறது என்பதை சிஏடிஆர் என்பார்கள். இதற்கு 3-ம் வேகத்தில் 130 கன மீட்டர். 10 சதுர மீட்டர் அறை, கூரை 2.7 மீட்டர் உயரம் என்றால் உள்ளே 27 கன மீட்டர் காற்று இருக்கும். 130-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. மணிக்கு ஐந்து தடவை அறைக் காற்று முழுவதும் ஃபில்டர் வழியாகப் போய்வருகிற கணக்கு, அதுதான் தேவையும். சால்மியா, ஃபர்வானியா பக்கம் பழைய கட்டடங்களில் படுக்கையறையே 4-க்கு 3.5 மீட்டர் இருக்கும். அங்கே இதே பெட்டி மூன்றரைத் தடவைகூடத் தேறாது. ஜன்னல் இடுக்கில் புழுதி நுழைந்துகொண்டே இருக்கும்போது அது பற்றாது. அந்த அறைக்கு சிஏடிஆர் 200-க்கு மேல் உள்ளதைப் பாருங்கள், அல்லது இதையே இரண்டு வாங்கிப் போடுங்கள்.

பெட்டியில் பெருமை பேச ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி, முன்னால் துணி முகப்பு, மூன்று வேகத்துக்கு ஒரு திருகு. செயலி கிடையாது, திரை கிடையாது, சென்சாரும் கிடையாது. மூலையில் நிற்க வைக்கலாம், சுவரிலும் மாட்டலாம். 3-ம் வேகத்தில் 19 வாட். நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட்டுக்குள்தான்.

சென்சார் இல்லாததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. புழுதிக்கு அது நல்லதே. விலை கூடிய பியூரிஃபையர்களில் திரையில் எண் காட்டுகிற லேசர் சென்சார், புகை போன்ற நுண்துகளை நன்றாகப் பார்க்கும். பாலைவனப் புழுதியின் எடையில் பெரும்பங்கு அதைவிடப் பருமனான துகள்கள். அவற்றை அந்தச் சின்ன சென்சார் சரியாக எண்ணாது. வெளியே வானம் ஆரஞ்சு நிறமாக இருக்கும்போதும் ஆட்டோ நிலையில் இருக்கிற இயந்திரம் எண்ணைக் குறைத்துக் காட்டிவிட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் புழுதி நாளில் ஆட்டோவை நம்பாமல் கையால் வேகத்தைக் கூட்ட வேண்டும். இந்தப் பெட்டியில் அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை: திருகினால் ஓடும்.

உண்மையான குறை சத்தம்தான். 3-ல் 60 டெசிபல் வரை போகும். பக்கத்தில் படுத்துத் தூங்க முடியாது. 1-ல் சத்தமே கேட்காது, ஆனால் புழுதிக்கு அது ஓடியும் ஓடாத கணக்குதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதவைச் சாத்தி 3-ல் ஓட விட்டு, படுக்கும்போது 2-க்கு இறக்கினால் ஒத்துவரும். துணி முகப்புக்கு முன்னால் திரைச்சீலையோ கட்டிலோ அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

"பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, மேசையில் புழுதி படிகிறதே?" என்று கேட்பார்கள். படியத்தான் செய்யும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) புழுதித் துகள் 2 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் நாலைந்து நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். ஃபில்டர் வரை போக அதற்கு நேரமில்லை. 1 மைக்ரான் துகள் இறங்கப் பல மணி நேரம் பிடிக்கும். நுரையீரலின் அடிவரை போகிறது அதுதான், பெட்டி பிடிப்பதும் அதைத்தான். மேசையில் படிவது ஈரத்துணியின் வேலை. துடைப்பத்தை மட்டும் எடுக்காதீர்கள். படிந்ததெல்லாம் மறுபடி எழும்பும்.

இதில் இருப்பது இபிஏ 12 ரக ஃபில்டர். பிடிக்கக் கடினமான துகளிலேயே 99.5 சதவீதம் நிற்கும். அதற்கு மேல்ரகமான ஹெப்பா 13 என்றால் 99.95. இந்த வித்தியாசத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரே காற்று திரும்பத் திரும்பச் சுற்றுகிற அறையில் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதே கணக்கு. கடையில் தனியாக விற்கிற, வாடையைப் பிடிக்கிற வாயு ஃபில்டர் புழுதிக்கு எதுவும் செய்யாது, காற்றோட்டத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஃபஹாஹீல், மங்காஃப் பக்கம் ரிஃபைனரி வாடை வருகிற வீடுகளில் யோசிக்கலாம்.

எந்தப் பெட்டியானாலும், வருகிற புழுதியை வாசலிலேயே குறைத்தால்தான் அதற்கு வேலை நடக்கும். முதலில் அணைக்க வேண்டியது பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனும் சமையலறை ஹூட்டும். அவை வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதே அளவு காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும், கூடவே புழுதியும். பலர் ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு எக்ஸாஸ்டை ஓட விட்டிருப்பார்கள்.

அடுத்தது சறுக்கு ஜன்னல். இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் மயிர் போன்ற ஒரு பட்டை இருக்கும். சில வருட வெயிலில் அது தேய்ந்து சப்பையாகி, ஜன்னல் பூட்டியிருந்தாலும் கையை வைத்தால் காற்று தெரியும். அலுமினியக் கடையில் அந்தப் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழையதை உருவிவிட்டுப் புதியதைத் தள்ளிவிடலாம். கீழ்ச்சட்டத்தில் மழைத் தண்ணீர் வடிய விட்ட துளைகளைப் புழுதிக் காலத்தில் ஸ்பாஞ்சால் அடைத்து, மழை வந்தால் எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஏசி அறைகளில் வெளிக்காற்றுத் திறப்பு என்று ஒரு நெம்புகோல் இருக்கும். அது திறந்திருந்தால் எந்த பியூரிஃபையரும் தோற்கும்.

நாலு பேர் தங்குகிற பேச்சிலர் அறைக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது. ஷிஃப்ட் மாறி மாறிக் கதவு திறந்துகொண்டே இருக்கும். இந்த அளவு பெட்டி எட்டிப்பிடிக்காது.

ஃபில்டர் மாற்றும் விளக்கு வெறும் கடிகாரம். ஃபில்டரில் எவ்வளவு அழுக்கு என்று அதற்குத் தெரியாது. கம்பெனி சொல்வது ஆறு மாதம். மார்ச், ஏப்ரலில் திடீர்ப் புயலாக வருகிற சராயாத் காற்றிலும் ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து அடிக்கிற ஷமால் காற்றிலும் ஓடிய ஃபில்டரை அதற்கு முன்பே கழற்றிப் பாருங்கள். வெள்ளை மடிப்புகளுக்குள் அடிவரை தவிட்டு நிறம் ஏறியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். முன்னால் இருக்கிற வலையை மட்டும் ஒவ்வொரு புழுதிக்கும் பிறகு வாக்கும் கிளீனரால் இழுத்துவிடலாம். மடிப்பு ஃபில்டரைக் கழுவவோ தட்டவோ கூடாது. நார் கிழிந்தால் அந்த வழியாகவே காற்று போகும். புதிய ஃபில்டர் பிளாஸ்டிக் உறையோடு வரும், உரித்துவிட்டுப் போடுங்கள். உறையோடு மாட்டிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2022 மே மாதம் ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்துப் புழுதி வந்து விமான நிலையமே நின்றது. அப்படி வருகிற வாரத்தில் அவென்யூஸ் மாலில் உள்ள ஐகியாவில் வரிசையில் நிற்பதைவிட, பிப்ரவரியிலேயே கூடுதலாக ஒரு ஃபில்டர் வாங்கி உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுங்கள்.