விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தல்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் தன்னார்வலர்கள் முழு நூல்களையும் கையால் தட்டச்சு செய்து தந்தார்கள். அந்த உழைப்பின் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் ஒரு வரியில் ஐயம் வந்தால் அச்சுப் பிரதியைத் தேடித்தான் போக வேண்டும். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் மின்னெழுத்தாக்கும் தளமான தமிழ் விக்கிமூலத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கமும் அதன் எழுத்தும் அருகருகே நிற்கின்றன. ஐயம் வந்தவர் அங்கேயே ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். முகம் தெரியாத பத்துப் பேர் சேர்ந்து செய்த நூலை நம்பிப் படிக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) தந்தது அப்படியே இருந்தால் சிவப்பு, ஒருவர் முழுதும் ஒப்பிட்டுவிட்டால் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. வெற்றுப் பக்கம் சாம்பல். சிக்கல் உள்ள பக்கத்துக்குத் தனி நிறம். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, அவருக்கு அந்தப் பொத்தானே தெரியாது. கணக்கில் நுழையாதவர் எழுத்தைத் திருத்தலாம், நிறத்தை மாற்ற முடியாது.

வேலையைத் தொடங்கும் முன் வருடிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விக்கிமூலத்தின் பக்க எண் கோப்பின் வரிசைப்படி வருவது, நூலில் அச்சான எண் அல்ல. பதினேழாம் பக்கம் விடுபட்டதை நூறு பக்கம் முடித்த பின் கண்டுபிடித்துக் கோப்பை மாற்றினால், அதற்குப் பிந்திய ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் எண் தள்ளி நகர்த்த வேண்டிவரும். பத்து நிமிடச் சோம்பலுக்கு இது பெரிய விலை.

2021இல் வந்த எழுத்துணரிக் கருவியில் கூகுள், டெசராக்ட் என்று எஞ்சினைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்ப் பழம்பதிப்புகளுக்குக் கூகுளே மேல். அருகருகே இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தை மட்டும் அது சில வேளை குறுக்கே படித்துக் கலக்கிவிடும். மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிக் கொடுத்தால் சரியாகும்.

உண்மையான தொல்லை கண்ணுக்குப் படாத பிழைகளில் இருக்கிறது. காலும் ரகரமும் மாறி ‘பார்’ என்பது ‘பரர்’ ஆவதை யாரும் பிடித்துவிடுவார்கள். மங்கிய அச்சில் புள்ளி விழாமல் போனால் ‘கல்வி’ ‘கலவி’ ஆகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள், எந்தச் சொல்திருத்தியும் கோடிடாது. ‘மனம்’, ‘மணம்’ கதையும் இதேதான். ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண்ணாகிய ‘௨’ வந்து உட்காரும். பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் தேடலில் அந்தச் சொல் அகப்படாது. பொருளைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படிக்கும் கண் இவற்றைத் தானே திருத்திப் படித்துவிடும். ஆகவே எழுத்தை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காதீர்கள். படத்தில் ஒரு வரி, பிறகு எழுத்தில் அதே வரி என்று போங்கள். தெளிவான உரைநடைப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, கொம்பு வைத்த ‘லை’, ‘னை’ கொண்ட செய்யுள் பக்கம் அதைப்போல் இரு மடங்கு கேட்கும்.

‘கௌரவம்’ ‘கெளரவம்’ என்று வந்திருப்பதைக் கண்டு, ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாம் அதோடு சிதைந்துபோகும். ‘கெளர’, ‘மெளன’ என்று முழு எழுத்துத் தொடராகக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுங்கள்.

மூலநூலின் அச்சுப்பிழையைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. ஆசிரியர் ‘கோவில்’ என்று எழுதியிருந்தால் அது ‘கோவில்’தான். வெளிப்படையான அச்சுப்பிழை என்றால் அச்சானபடியே வைத்து, அதற்கான வார்ப்புருவால் (பக்கத்தில் இடும் ஆயத்தக் குறியீடு) குறிப்பிடலாம். நூலின் இறுதியில் ‘பிழையும் திருத்தமும்’ பட்டியல் இருந்தால் அதையும் ஒரு பக்கமாகவே தட்டச்சிடுங்கள்.

பக்க முடிவில் சொல் உடையும் இடம் இன்னொரு கண்ணி. தமிழ் அச்சில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை உடைப்பார்கள். பக்கங்களை ஒருங்கிணைத்து நூலாக்கும்போது நடுவில் இடைவெளி விழுந்து ‘வந்திருந் தார்கள்’ என்றாகும். உடைந்த சொல்லுக்கான வார்ப்புருவை இரு பக்கத்திலும் இட வேண்டும். பக்க எண்ணையும் மேல்தலைப்பையும் நடுப்பெட்டியில் விட்டாலும் இதே கெடுதல்தான்: நூலின் நடுவே தலைப்பு முளைக்கும். அவற்றை மேலடி, கீழடிப் பெட்டிகளுக்கு மாற்றிவிடுங்கள்.

உரிமையைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணப்படும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

பெரிய குறை ஆள் பற்றாக்குறை. நூல் கிடைப்பதில் தட்டுப்பாடில்லை. மஞ்சளைப் பச்சையாக்க வருபவர்கள்தான் குறைவு. புதிதாக வருபவர் அங்கிருந்தே தொடங்கலாம். ஒருவர் ஏற்கெனவே ஒழுங்குபடுத்திய பக்கம் என்பதால் வடிவமைப்பு, வார்ப்புரு எதுவும் கற்றிருக்க வேண்டாம். படத்தையும் எழுத்தையும் வரிவரியாக ஒப்பிடும் பொறுமை இருந்தால், முதல் நாளிலேயே ஐந்து பக்கம் பச்சையாகும்.