சுற்றுக் கண்காட்சிக்குப் பேழைகள்: கூடவே கொண்டுபோவதா, அங்கிருப்பதே போதுமா?

தொல்லியல் கண்காட்சி ஒன்று அடுத்த அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அரும்பொருள்கள் அதேதான். வாசல், லிஃப்ட், தளம், காற்று நான்கும் வேறு.

பொருளை வைத்துக் காட்டும் கண்ணாடிப் பேழைகளைக் கூடவே கொண்டுபோனால், எந்தப் பொருள் எந்தத் தாங்கியில் உட்காரும் என்பது முன்பே முடிவானது. உள்ளே பூசிய பெயின்ட், ஒட்டிய பசை எல்லாம் சோதித்தவை. தொல்லை, கழற்றி மாட்டுவதில்தான். ஒவ்வொரு முறையும் ரப்பர் சீல் நசுங்கி, பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை. புதுத் தளம் சற்றே சாய்ந்திருந்தாலும் சட்டம் முறுக்கிக் கதவோரம் இடுக்கு விழும். ஈரத்தைச் சீராக வைக்கக் கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) என்பது பழைய கணக்கு: கால் கன மீட்டர் பேழைக்கு 5 கிலோ. அந்தக் கணக்கு காற்றுப் புகாத பேழைக்குத்தான். இடுக்கு விழுந்தால் ஜெல் சீக்கிரமே ஈரம் குடித்து ஓய்ந்துவிடும். எடையையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 400 கிலோ தாங்கும் தளத்தில், நான்கு சிறு கால்களில் நிற்கும் கனத்த பேழைக்கு அடியில் எடையைப் பரப்பும் தகடு வேண்டும்.

அங்குள்ள பேழைகள் என்றால் லாரிச் செலவு மிச்சம். ஆனால் அவை எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையாக இருந்தால் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி கசியும். ஈயக் காசுகள் வெள்ளையாகப் பூத்துவிடும். பலகைத் துண்டை உலோகத் துண்டுகளோடு மூடிவைத்துப் பார்க்கும் ‘ஆடி’ (Oddy) சோதனைக்கு 60 டிகிரியில் 28 நாள் ஆகும். திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு நினைவு வந்தால் பயனில்லை!

பிரிட்டிஷ் மியூசியம் 2007-இல் சீனச் சுடுமண் வீரர் சிலைகளின் கண்காட்சிக்காக மூன்றாவது வழியை எடுத்தது: வட்ட வாசிப்பறையின் மேசைகளை அகற்றாமல், அவற்றுக்கு மேல் தற்காலிகத் தளம் போட்டுக் கூடத்தையே புதிதாக அமைத்தது. அழகான தீர்வு, பணமும் கூரை உயரமும் உள்ளவர்களுக்கு.

மற்றவர்கள் பொருளைப் பார்த்துப் பிரிக்கலாம். கல்லும், உப்பேறாத சுடுமண்ணும் அங்குள்ள பேழைக்கே போகட்டும். குளோரைடு உப்பு ஏறிய வெண்கலத்தை 42 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வைக்க வேண்டும், மண்ணிலிருந்து எடுத்த இரும்புக்கு அதைவிட வறட்சி தேவை. இவை இரண்டுக்கு மட்டும் சொந்தப் பேழை. சென்னை போன்ற கடலோர ஊரில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பேழையானாலும் முதலில் காலியாக மூடி, டேட்டா லாகர் (வெப்பத்தையும் ஈரத்தையும் பதியும் கருவி) வைத்து, விளக்கை வழக்கமான நேரத்தில் போட்டு அணைத்து இரண்டு வாரம் பாருங்கள். பெரும்பாலும் விளக்குப் பெட்டியின் சூடுதான் குற்றவாளி. வந்திறங்கிய பேக்கிங் பெட்டிகளையும் கூடத்துக் காற்றுக்குப் பழக 24 மணி நேரம் அங்கேயே வைத்திருந்து பிறகு திறக்கவும்.